கோப்புகளை அடுக்குவது நீங்களா, மென்பொருளா? – வாசகர் கேள்வி பதில்

தேடுபெட்டியில் ஒரு வார்த்தை அடித்தால் கோப்பு வந்து நிற்கிறது. பிறகு எதற்கு ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டு மெனக்கெட வேண்டும்? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைத்துவிட்டுத் தேடிக்கொண்டால் ஆகாதா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

ஆகும். ஆனால் நீங்கள் தேடும் வார்த்தை கோப்பின் பெயரிலோ உள்ளேயோ எழுத்தாக இருக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை ஸ்கேன் செய்து வைத்த பிடிஎஃப் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது வெறும் படம்தான். டவுன்லோட் செய்த இ-ஆதார் கடவுச்சொல் போட்டு வருகிறது (பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்). பூட்டியிருக்கும் அந்தக் கோப்புக்குள் விண்டோஸ் தேடலால் நுழைய முடியாது. போட்டோ, ஆடியோவுக்கும் இதே கதி.

இன்னொரு சிக்கல், தேடல் எங்கே தேடுகிறது என்பது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தேடல் 'கிளாசிக்' நிலையில்தான் வருகிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற சில இடங்களை மட்டும் அது அட்டவணைப்படுத்தும், அதாவது தேடலுக்கான பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைக்கும். நம் ஊரில் கடைக்காரர் டிஸ்க்கைப் பிரித்து 'டி டிரைவ்' ஒன்று போட்டுக் கொடுத்திருப்பார். முக்கியமானதெல்லாம் அதில்தான் கிடக்கும். அந்த டிரைவ் அட்டவணையில் இருக்காது. கன்ட்ரோல் பேனலில் 'இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'மாடிஃபை' அழுத்தி, டி டிரைவில் உங்கள் ஃபோல்டருக்கு டிக் போடுங்கள். முதல் முறை அட்டவணை முழுமையாகத் தயாராகச் சில மணி நேரம் ஆகலாம்.

பெயரை மட்டும் தேட 'எவ்ரிதிங்' என்ற இலவச மென்பொருள் போதும். என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸின் வழக்கமான அமைப்பில் உள்ள டிஸ்க்கின் கோப்புப் பட்டியலை நேராகப் படிப்பதால் லட்சக்கணக்கான பெயர்களை நீங்கள் தட்டச்சு செய்யும் வேகத்திலேயே வடிகட்டித் தரும். பெயர் 'ஸ்கேன்0012' என்று இருந்தால் அதனாலும் பயனில்லை.

இதைவிடப் பெரிய விஷயம், இருப்பதாக உங்களுக்கு நினைவிருப்பதைத்தான் உங்களால் தேட முடியும். நாளை உங்கள் மகன் அந்த லேப்டாப்பைத் திறந்தால், என்னென்ன பாலிசி இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. எந்த வார்த்தையை அடிப்பார்? 'காப்பீடு' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் திறந்து பார்த்துவிடுவார்.

எனவே எந்த முறையை எடுத்தாலும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இந்த வரிசை எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? கோப்பின் பெயரிலும் ஃபோல்டரிலும் இருக்கலாம். கோப்புக்குள்ளேயே இருக்கலாம், போட்டோவுக்குள் எடுத்த தேதி இருப்பதுபோல. இல்லையென்றால் மென்பொருள் தனக்கென்று வைத்திருக்கும் தரவுத்தளத்தில் இருக்கும். முதல் இரண்டும் பென்டிரைவில் நகலெடுத்தால் கூடவே வரும். மூன்றாவது வராது. 'ஃபோல்டரே வேண்டாம், எல்லாம் தரவுத்தளத்தில் இருக்கட்டும்' என்று மைக்ரோசாஃப்ட்டே வின்எஃப்எஸ் என்ற திட்டத்தைப் பல ஆண்டுகள் உருட்டிவிட்டு 2006-இல் கைவிட்டது.

எங்கள் பரிந்துரை இது: தேடுவது, தேதியைப் படிப்பது, இரண்டு கோப்பும் ஒன்றா என்று ஒப்பிடுவது எல்லாம் மென்பொருளின் வேலை. பெயர் வைப்பதும் அழிப்பதும் உங்கள் வேலை.

எங்கள் குடும்பத்தின் நிலப் பத்திரங்கள், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்திருக்கிறேன். 300-க்கும் மேல் இருக்கிறது. எப்படிப் பெயர் வைப்பது? தமிழில் வைக்கலாமா?
– ஆசிரியை, விருதுநகர்

தமிழில் தாராளமாக வைக்கலாம், சில இடங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

பெயரின் அமைப்பு: தேதி, என்ன ஆவணம், எந்தச் சொத்து, அசலா நகலா. உதாரணமாக '2019-06-21_கிரயப்பத்திரம்_கீழத்தெரு-வீடு_அசல்'. தேதியில் ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள்; மாதமும் நாளும் எப்போதும் இரண்டு இலக்கம். அப்போதுதான் பெயர்வரிசையே காலவரிசையாக அமையும். '21-6-2019' என்று நம் வழக்கப்படி எழுதினால் எல்லா ஆண்டின் 21-ஆம் தேதிகளும் ஒன்றாகக் குவியும். இது ஆவணத்தின் தேதி, ஸ்கேன் செய்த நாள் அல்ல. பத்திரத்துக்கு அது பதிவான நாள். ஆண்டு மட்டும் தெரிந்தால் '1987-00-00' என்று போடுங்கள். அந்த ஆண்டின் தலையில் போய் நிற்கும்.

நில ஆவணங்களில் எல்லோரும் இடறும் இடம் சர்வே எண். '123/4ஏ' என்று பெயரில் போட முடியாது. சாய்வுக்கோட்டை விண்டோஸ் ஏற்காது, ஏனெனில் அதற்கு அது ஃபோல்டரைப் பிரிக்கும் குறி. '123-4ஏ' என்று எழுதுங்கள். கதவு எண்ணுக்கும் இப்படியே. சிலர் ஒரு இடத்தில் கோடு, இன்னொரு இடத்தில் புள்ளி, மற்றொன்றில் இடைவெளி என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். பிறகு சர்வே எண்ணை அடித்துத் தேடினால் மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். ஒரு குறியை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள்.

நீளம் அடுத்தது. விண்டோஸில் ஒரு கோப்புப் பெயர் 255 குறியீடு வரை போகலாம். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு போனிலும் வீட்டு நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றிலும் கணக்கு 255 பைட் (சேமிப்பை அளக்கும் சிறு அலகு). ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகிறது. 'கீழத்தெரு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு 'கீ' என்பது க-வும் ஈகாரக் குறியுமாக இரண்டு, 'த்' இரண்டு, 'தெ' இரண்டு, 'ரு' இரண்டு, 'ழ' ஒன்று. ஆக மொத்தம் 9 குறியீடு, 27 பைட். அத்தகைய ஒன்பது வார்த்தைகளில் பெயர் நிரம்பிவிடும். விண்டோஸில் சரியாக இருந்த கோப்பு போனுக்கு நகலெடுக்கும்போது 'முடியவில்லை' என்று நிற்பதற்கு இது ஒரு காரணம். பெயரை 40 தமிழ் எழுத்துக்குள் வைத்தால் தொல்லை இல்லை. விண்டோஸில் ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் சேர்ந்த முழு முகவரிக்கும் 260 என்ற பழைய வரம்பு உண்டு. பல மென்பொருட்கள் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. ஃபோல்டர் பெயர்களையும் சுருக்கமாக வையுங்கள்.

அகரவரிசையை நம்ப வேண்டாம். சில மென்பொருட்கள், எல்லா மொழி எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு முறையின் எண் வரிசையில் அடுக்கும். அதில் 'ன' என்பது 'ந'-வை அடுத்தும், 'ற' என்பது 'ர'-வை அடுத்தும் வந்துவிடும். அகராதிப்படி இரண்டும் கடைசியில் வரவேண்டியவை. குறிப்பிட்ட வரிசையில் ஃபோல்டர்கள் தெரிய வேண்டுமென்றால் முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள்.

பழைய மேக்கில் எழுதிய ஹார்ட் டிஸ்க் வீட்டில் இருந்தால் இன்னொரு குழப்பமும் வரலாம். 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை அது இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும், விண்டோஸ் ஒன்றாகவே வைத்திருக்கும். இரண்டு டிஸ்க்கையும் சேர்த்தால் ஒரே ஃபோல்டரில் 'கோவில்நிலம்' என்ற பெயரில் இரண்டு கோப்பு நிற்கும். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. மேக்கிலிருந்து வந்ததன் பெயரை விண்டோஸில் சிறு மாற்றத்தோடு மறுபடி தட்டச்சு செய்தால் தீர்ந்தது.

ஃபோல்டரைச் சொத்துவாரியாகப் பிரியுங்கள், ஆவண வகைவாரியாக வேண்டாம். வீடு விற்கும்போதும் கடன் வாங்கும்போதும் கேட்பது 'இந்தச் சொத்தின் எல்லா ஆவணமும்' என்றுதான். எல்லாச் சொத்தின் பட்டாவையும் மொத்தமாக யாரும் கேட்பதில்லை. ஒரு சொத்துக்கு 30, 40 ஆவணம் இருந்தால் உள்ளே மேலும் பிரிக்கத் தேவையில்லை, பெயரே போதும். இரண்டு சொத்துக்கும் பொதுவான பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஒரு இடத்தில் வைத்து, மற்றதில் ஷார்ட்கட் போடுங்கள். நகல் போட்டால் எது புதியது என்ற குழப்பம் வரும்.

அச்சிட்ட ஆவணங்களுக்கு எழுத்துணர்தலை (ஓசிஆர், படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காண்பது) செய்துவிடுங்கள். 'நாப்ஸ்2' என்ற இலவச ஸ்கேன் மென்பொருளில் ஓசிஆர் பகுதியில் தமிழ் மொழியை டவுன்லோட் செய்து, 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் பிடிஎஃப்புக்குள் தேடக்கூடிய எழுத்து சேர்ந்துவிடும். ஏற்கெனவே ஸ்கேன் செய்தவற்றையும் அதில் திறந்து மறுபடி சேமிக்கலாம். கையால் எழுதிய பழைய பத்திரங்களில் இது தேறாது. அவற்றுக்குச் சர்வே எண்ணையும் எழுதிக் கொடுத்தவர் பெயரையும் கோப்புப் பெயரிலேயே கையால் சேர்க்க வேண்டியதுதான்.

எத்தனை அடுக்கு ஃபோல்டர் வைக்கலாம்?
– கல்லூரி மாணவர், சேலம்

மூன்று. நான்காவது தேவைப்பட்டால் கோப்பின் பெயர் போதுமான தகவல் சொல்லவில்லை என்று அர்த்தம். 'மற்றவை' என்று ஒன்று வைத்தால் அதுதான் எல்லாவற்றிலும் பெரிதாக வளரும், வைக்காதீர்கள்.

மூன்று பழைய போன், ஒரு கேமரா, வாட்ஸ்அப் எல்லாம் சேர்த்து 60,000 படங்கள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. மென்பொருளிடம் விட்டால் தேதிவாரியாகப் பிரித்துத் தரும் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, கும்பகோணம்

60,000 படத்தைக் கையால் அடுக்க ஒருவருக்கும் பொறுமை இருக்காது. மென்பொருள்தான் வழி. ஆனால் அது எந்தத் தேதியைப் படிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு படத்துக்குக் குறைந்தது மூன்று தேதி உண்டு. கேமரா படத்துக்குள்ளேயே எழுதும் 'எடுத்த தேதி' ஒன்று. விண்டோஸ் காட்டும் 'மாடிஃபைடு', 'கிரியேட்டட்' இரண்டு. ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தால் 'மாடிஃபைடு' அப்படியே இருக்கும். 'கிரியேட்டட்' நகலெடுத்த நிமிடமாக மாறிவிடும். அதைப் பார்த்து அடுக்கும் மலிவு மென்பொருள், உங்கள் பத்து வருடப் படங்களையும் ஒரே நாளில் கொண்டுபோய்த் தள்ளும். எடுத்த தேதியைப் படிக்கும் மென்பொருள்தான் வேண்டும். இலவசமாக 'டிஜிகேம்' இருக்கிறது. கட்டளை தட்டச்சு செய்யப் பயப்படாதவர்களுக்கு 'எக்ஸிஃப்டூல்'.

தொடங்கும் முன் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, ஃபோல்டரின் 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்து இரண்டிலும் கோப்பு எண்ணிக்கையும் பைட் அளவும் ஒன்றா என்று சரிபாருங்கள். ஒரு கோப்பு குறைந்தாலும் மேலே போகாதீர்கள். நகலை அலமாரியில் வைத்துவிட்டு மற்றதில் வேலை செய்யுங்கள்.

முதலில் வாட்ஸ்அப் படங்களைத் தனியே ஒதுக்குங்கள். ஆண்ட்ராய்டு போனில் வந்தவற்றின் பெயரில் தேதிக்குப் பிறகு 'டபிள்யூஏ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அதை எவ்ரிதிங்கில் அடித்தால் மொத்தமாக வந்துவிடும். தேர்ந்தெடுத்து ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது எடுத்த தேதியை நீக்கிவிடுகிறது. பெயரில் மிச்சம் இருப்பது அது உங்கள் போனுக்கு வந்த நாள். 1995-இல் எடுத்த படத்தை உறவினர் போன வாரம் அனுப்பியிருந்தால் போன வாரத் தேதிதான் இருக்கும். இந்த ஃபோல்டரில் பெரும்பகுதி காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும்தான், நிதானமாகக் களையலாம். இனிமேல் முக்கியமான படம் கேட்கும்போது 'டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்' என்று சொல்லுங்கள். தேதியும் தரமும் அப்படியே வரும்.

அடுத்தது கேமராப் படங்கள். கேமராவின் பெயர் எண் 9999 வரை போய் மறுபடி 0001-க்குத் திரும்பும். ஆகவே ஒரே பெயரில் இரண்டு வேறு படங்கள் இருக்கக்கூடும். அவற்றை ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது விண்டோஸ் 'ரீப்ளேஸ்' செய்யவா என்று கேட்கும். அவசரத்தில் சம்மதித்தால் பழைய படம் போய்விடும், ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. அதனால் ஒன்றாகச் சேர்க்கும் முன்பே, ஒவ்வொரு ஃபோல்டராக எடுத்து எல்லாப் படத்துக்கும் எடுத்த தேதியிலிருந்து பெயர் மாற்றிவிடுங்கள்: '2016-09-04_063012' என்று நொடிவரை. ஒரே நொடியில் தொடர்ச்சியாக எடுத்த படங்களுக்கு முடிவில் வரிசை எண் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேமராவின் கடிகாரம் தவறாக இருந்திருக்கலாம். பேட்டரி முழுதும் தீர்ந்த கேமரா பழைய ஆண்டு ஒன்றுக்குத் திரும்பிவிடும். அந்தக் கார்டிலிருந்து உண்மையான நேரம் தெரிந்த ஒரு படத்தைப் பிடியுங்கள். சுவர்க் கடிகாரமோ அதே கணத்தில் போனில் எடுத்த படமோ உதவும். வித்தியாசத்தைக் கணக்கிட்டு டிஜிகேமின் நேரத் திருத்தத்தில் அந்தத் தொகுதி முழுவதற்கும் கூட்டிவிடலாம்.

வீடியோவில் வேறு சங்கதி. போன் எடுக்கும் எம்பி4 கோப்பில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். காலை 4.30 முதல் 6 வரை முகூர்த்தம் என்று வையுங்கள். அதிகாலை 5 மணிக்கு எடுத்த வீடியோ முந்தைய நாள் இரவு 11.30 என்று பதிவாகியிருக்கும். நேர வித்தியாசத்தைக் கவனிக்காத மென்பொருள், தாலி கட்டும் போட்டோவைத் திருமண நாளிலும் அதே நேரத்து வீடியோவை முந்தின நாளிலும் போடும். வீடியோக்களைத் தனியே பிரித்து, ஒன்றிரண்டைச் சரிபார்த்து, தேவையானால் ஐந்தரை மணி கூட்டிய பிறகு பெயர் மாற்றுங்கள். எல்லாக் கருவியும் இப்படி எழுதுவதில்லை. சில கேமராக்கள் உள்ளூர் நேரத்தையே எழுதும். ஆகவே கருவிவாரியாகச் சோதிக்காமல் மொத்தமாகக் கூட்டக் கூடாது.

இவ்வளவும் முடிந்தால் ஆண்டு, மாதம் என்று மென்பொருளே ஃபோல்டர் பிரிக்கட்டும். அதன் பிறகு கைவேலை கொஞ்சம்தான்: ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நிகழ்ச்சிக்கு '2016-09-04_தம்பி-கல்யாணம்' என்று தனி ஃபோல்டர். மற்ற நாள் படங்களைத் தொடவே வேண்டாம்.

முகம் பார்த்துப் பெயர் சொல்லும் வசதி அருமையானதுதான். ஆனால் கூகுள் போட்டோஸில் நீங்கள் வைத்த பெயர்கள் படத்துக்குள் போவதில்லை. படங்களை 'டேக்அவுட்' வழியாக வெளியே எடுக்கும்போது, நீங்கள் அங்கே திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் ஒவ்வொரு படத்துக்கும் தனியாக வரும் ஜேசன் என்ற சிறு எழுத்துக் கோப்பில்தான் இருக்கும். 'இது என்ன குப்பை' என்று அதை அழிப்பவர்கள் நிறைய. எக்ஸிஃப்டூல் மூலம் அந்தத் தகவலைப் படத்துக்குள் சேர்க்கும்வரை அழிக்காதீர்கள். டிஜிகேமில் அமைப்புகளில் 'மெட்டாடேட்டா' (கோப்பைப் பற்றிய தகவல்) பக்கம் போய், பெயரையும் குறிச்சொல்லையும் கோப்புக்குள் எழுதும்படி டிக் இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன்பே பாருங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'போட்டோஸ்' செயலியின் நூலகத்துக்குள் நுழைந்து கையால் எதையும் நகர்த்தாதீர்கள். உள்ளே படங்கள் புரியாத நீண்ட எண்பெயர்களில்தான் இருக்கும். செயலியின் தரவுத்தளம்தான் எது எது என்று அறியும். வெளியே எடுக்க 'எக்ஸ்போர்ட்' வழிதான், அதிலும் 'திருத்தப்படாத அசல்' என்ற தேர்வு.

ஒரே படம் நாலு இடத்தில் இருக்கிறது. நகல்களைக் கண்டுபிடித்து அழிக்கும் மென்பொருள் போடலாமா?
– அச்சகம் நடத்துபவர், சிவகாசி

போடலாம். 'டூப்குரு', 'செகாவ்கா' இரண்டும் இலவசம். ஆனால் அதில் இருவகைத் தேடல் உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

முதலாவது, பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருப்பவை. அளவு ஒன்றாக உள்ள கோப்புகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற ஒரு எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடும். இதன் முடிவை நம்பலாம். இரண்டாவது, பார்வைக்கு ஒத்திருப்பவை. படத்தைச் சில பத்துப் புள்ளிகள் அளவுக்குச் சுருக்கி, வெளிச்ச அமைப்பை ஒப்பிடுகிறது. வாட்ஸ்அப்பில் சுருங்கிய நகலை இதுதான் பிடிக்கும். ஆனால் ஸ்கேன் செய்த பத்திரத்தின் 3-ஆம் பக்கமும் 4-ஆம் பக்கமும் அந்த அளவுக்குச் சுருக்கினால் ஒரே மாதிரி இருக்கும்: மேலே முத்திரை, கீழே சாம்பல் வரிகள். மதிப்பெண் பட்டியல்களும் ரசீதுகளும் அப்படியே. உங்கள் தொழிலில் ஒரே வார்ப்பில் பெயர் மட்டும் மாறும் அழைப்பிதழ் வடிவங்கள் வேறு இருக்கும். ஆவணமும் வடிவமைப்புக் கோப்பும் உள்ள ஃபோல்டரில் இரண்டாவது வகைத் தேடலை ஓட்டவே வேண்டாம்.

டூப்குருவில் ஃபோல்டரைச் சேர்க்கும்போது 'ரெஃபரன்ஸ்' என்று குறிக்கும் வசதி இருக்கிறது. அப்படிக் குறித்ததிலிருந்து எதுவும் அழியாது. நல்ல பெயர் வைத்து அடுக்கிய ஃபோல்டரை அப்படிக் குறித்துவிட்டு, மற்ற குவியலைச் சாதாரணமாகச் சேருங்கள். இல்லையென்றால் 'தம்பி-கல்யாணம்' ஃபோல்டரிலிருந்து படம் போய், 'புதிய ஃபோல்டர் (2)' என்பதில் உள்ள நகல் தங்கும். அழிக்கச் சொல்லாமல் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தச் சொல்லுங்கள். ஒரு மாதம் எதுவும் காணவில்லை என்று தெரிந்த பிறகு அழிக்கலாம்.

சி டிரைவ் முழுவதையும், அச்சுக்கான எழுத்துரு ஃபோல்டர்களையும், மென்பொருள் நிறுவிய இடங்களையும் இதில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அங்கே ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருப்பது தேவைக்காக. மேகக்கணியோடு (இணையவழிச் சேமிப்பு) ஒத்திசையும் ஃபோல்டரில் அழித்தால் அங்கேயும் அழியும் என்பதும் நினைவிருக்கட்டும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டி 30 நாள்தான் தாங்கும்.

டெஸ்க்டாப்பில் வைத்த கோப்பின் முகவரியைப் பார்த்தால் நடுவே 'ஒன்டிரைவ்' என்று வருகிறது. இன்டர்நெட் இல்லாதபோது சில கோப்பு திறப்பதில்லை. ஏன்?
– கணக்காளர், ஈரோடு

ஒன்டிரைவில் 'பேக்கப்' என்ற வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை அது தன் ஃபோல்டருக்குள் இடம் மாற்றி, மேகக்கணிக்கு ஏற்றுகிறது. கோப்புக்கு அருகே மேகச் சின்னம் மட்டும் இருந்தால் உண்மையான கோப்பு உங்கள் டிஸ்க்கில் இல்லை, திறக்கும்போது இறங்கும். தேவையான ஃபோல்டரில் வலது கிளிக் செய்து 'எப்போதும் இந்தக் கருவியில் வைத்திரு' என்ற தேர்வைக் கொடுங்கள். முழுப் பச்சை வட்டம் வந்தால் இறங்கிவிட்டது. இலவசக் கணக்கு 5 ஜிபிதான், அது நிறைந்தால் புதியவை ஏறாது. வசதியை நிறுத்த நினைத்தால் முதலில் எல்லாவற்றையும் கீழே இறக்கி, வெளி டிஸ்க்கில் நகல் போட்டுவிட்டு நிறுத்துங்கள்.

கேலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் என் தமிழ் மின்னூல்களைச் சேர்த்தேன். உள்ளே தமிழில் காட்டுகிறது. ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தில் கோணல்மாணலாக இருக்கிறது. சரிசெய்வது எப்படி?
– நூலகர், மதுரை

சரிசெய்ய வேண்டாம், கை வைக்கவே வேண்டாம். கேலிபர் தன் நூலகத்தில் ஆசிரியர் பெயரில் ஃபோல்டர், அதற்குள் நூல் பெயரில் ஃபோல்டர் என்று தானே அமைத்துக்கொள்கிறது. எந்தக் கம்ப்யூட்டரிலும் சிக்கல் வராதபடி எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றுகிறது. உண்மையான பெயர்கள் மெட்டாடேட்டா தரவுத்தளத்தில் இருக்கின்றன. நீங்கள் ஃபோல்டர் பெயரைத் தமிழில் மாற்றினால் அந்த நூல் எங்கே என்று கேலிபருக்குத் தெரியாமல் போகும்.

இதில் வரிசை மென்பொருளிடம் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் கேலிபரை நம்பலாம் என்போம். ஒவ்வொரு நூலின் ஃபோல்டரிலும் ஓபிஎஃப் என்ற சிறு கோப்பில் தமிழ்ப் பெயர், ஆசிரியர், குறிச்சொற்கள் எல்லாவற்றின் நகலையும் எழுதி வைக்கிறது. தரவுத்தளம் கெட்டால் 'லைப்ரரி மெயின்டனன்ஸ்' பகுதியில் 'ரீஸ்டோர் டேட்டாபேஸ்' கொடுத்து அவற்றிலிருந்து மீட்கலாம். தமிழ்ப் பெயரில் கோப்பாக வெளியே வேண்டுமென்றால் 'சேவ் டு டிஸ்க்' பயன்படுத்துங்கள். அதன் அமைப்பில் ஆங்கில எழுத்துக்கு மாற்றும் டிக்கை எடுத்துவிட வேண்டும். சேர்க்கும்போது கேலிபர் நூலை நகலெடுத்துக்கொள்கிறது என்பதால் பழைய ஃபோல்டரில் உள்ளவை இரட்டிப்பு. ஆசிரியர் பெயரில் முதலெழுத்தை ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் போட்டால் ஒரே எழுத்தாளர் இரண்டு பேராகிவிடுவார். அதை மட்டும் நீங்கள்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.

1998 முதல் தட்டச்சு செய்த வேர்ட் கோப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பாமினி, வானவில் எழுத்துருக்களில் செய்தவை. தமிழில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. என்ன செய்வது?
– தட்டச்சுப் பயிலகம் நடத்துபவர், யாழ்ப்பாணம்

அந்தக் கோப்புகளுக்குள் தமிழே இல்லை என்பதுதான் காரணம். பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் வரைந்து காட்டுகிறது. தேடல் பார்ப்பது விசைகளை. அதிலும் அரைப்புள்ளியைச் சொல்லின் முடிவு என்று எண்ணி இரண்டாக உடைத்துவிடும். செயற்கை நுண்ணறிவு வைத்து வகைப்படுத்தும் மென்பொருளும் இங்கே தடுமாறும்.

யூனிகோடுக்கு மாற்றுவதே தீர்வு. 'என்எச்எம் கன்வர்ட்டர்' போன்ற மாற்றிகள் பல பழைய குறியாக்கங்களை (எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற முறைகளை) அறியும். ஆனால் எந்தக் கோப்பு எந்தக் குறியாக்கம் என்பதை முதலில் நீங்கள் பிரிக்க வேண்டும், ஏனெனில் பாமினிக்கும் வானவில்லுக்கும் விசையமைப்பு வேறு. கோப்பைத் திறந்து எழுத்துருவின் பெயரைப் பார்த்துக் குறியாக்கத்துக்கு ஒரு ஃபோல்டராக ஒதுக்குங்கள். ஒரே கோப்பில் நடுநடுவே ஆங்கிலம் இருந்தால் அதுவும் தமிழாகக் குளறும். அந்தப் பத்திகளை விட்டுவிட்டு மற்றதை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். மாற்றியதை அதே பெயரின் முடிவில் 'யூனி' சேர்த்துச் சேமித்து, பழையதை அழிக்காமல் வையுங்கள். அட்டவணை, அடிக்குறிப்பு, ஸ்ரீ, க்ஷ வரும் இடங்களில்தான் பிழை அதிகம் தங்கும்.

ஆயிரத்தையும் மாற்ற நேரமில்லை என்றால், கோப்பின் பெயரை மட்டும் யூனிகோடில் மாற்றுங்கள். தேடலில் பெயராவது சிக்கும்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் தானாகப் பிரித்துக்கொடுக்கும் மென்பொருளும், கோப்பைப் படித்துத் தானே பெயர் வைக்கும் ஏஐ கருவியும் வந்துவிட்டன. பயன்படுத்தலாமா?
– மென்பொருள் துறையில் இருப்பவர், கோவை

டவுன்லோட்ஸுக்கு விதிமுறை மென்பொருள் நல்ல உதவி. மேக்கில் 'ஹேசல்', விண்டோஸில் 'ஃபைல் ஜக்லர்' போன்றவை, பிடிஎஃப்புக்குள் மின் இணைப்பு எண் இருந்தால் மின்கட்டண ஃபோல்டருக்கு அனுப்பு என்பதுபோல வேலை செய்யும். விதியில் கோப்பின் வயதை ஒரு நாளுக்கு மேல் என்று வையுங்கள். இல்லையென்றால் இறங்கிக்கொண்டிருக்கும் பாதிக் கோப்பையே தூக்கிப் போய்விடும். அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் மேலெழுதாமல் எண் சேர்க்கும்படி அமையுங்கள். அழிக்கும் விதி ஒன்றுகூட வேண்டாம். விண்டோஸின் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' அமைப்பிலும் டவுன்லோட்ஸ் பகுதி 'நெவர்' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 30 நாள் என்று இருந்தால், நீங்கள் திறக்காமல் வைத்திருக்கும் வருமான வரி ரசீதும் போய்விடும்.

ஏஐ கருவிகளுக்கு முதல் கேள்வி, கோப்பு உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகிறதா என்பது. பான், ஆதார், மருத்துவ அறிக்கை உள்ள ஃபோல்டரை வெளியே அனுப்பும் கருவிக்குக் காட்டக் கூடாது. உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இயங்குவது என்றாலும் சீர்மை இருக்காது: ஒரு மாதம் 'மின்கட்டணம்' என்றும் அடுத்த மாதம் 'மின்சார ரசீது' என்றும் பெயர் வைக்கும். நீங்களே ஒரு சொற்பட்டியல் கொடுத்து, அதற்குள் மட்டும் தேர்ந்தெடு என்று கட்டுப்படுத்துங்கள். ஆவணத்தின் தேதிக்குப் பதில் கட்டணத்தின் கடைசித் தேதியை எடுப்பது இவை அடிக்கடி செய்யும் பிழை.

பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் உள்ள பட்டியலை முன்கூட்டியே காட்டாத கருவியைத் தொடாதீர்கள். முதலில் 50 கோப்பின் நகலைத் தனி ஃபோல்டரில் போட்டு ஓட்டி, பட்டியலை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 50-இல் மூன்றுக்கு மேல் தவறு இருந்தால், மைக்ரோசாஃப்ட்டின் இலவச 'பவர்டாய்ஸ்' தொகுப்பில் உள்ள 'பவர்ரீநேம்' வைத்து நீங்களே மொத்தமாகப் பெயர் மாற்றுவது வேகமாக முடியும். அது மாற்றும் முன்பே எல்லாப் பெயரையும் பக்கத்தில் காட்டும். மாற்றிய கையோடு கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் திரும்பவும் வரும். பட்டியலை எப்படியானாலும் ஒரு எக்செல் கோப்பில் சேமித்து அதே ஃபோல்டரில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் பழைய பெயரைச் சொல்லிக் கேட்பார்.